கையால் மட்டும் திருகிய நட்டு

கார்ச் சில்லைத் தானே மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஜக்கை இறக்கிய பிறகு, நட்டுகளை ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கி முடிக்கும்வரை எழும்பாதீர்கள். தொழுகைக்குப் பாங்கு சொன்னாலும் எழும்பாதீர்கள். நான் எழும்பினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. முன்சில்லு காற்றுப் போய்க் கிடந்தது. இதற்கெல்லாம் கராஜுக்குப் போவதா என்பது என் வீம்பு. மாற்றுச் சில்லைப் பூட்டி, நாலு நட்டையும் கையால் திருகி, ஜக்கை இறக்கினேன். அந்த நேரம் பாங்கு கேட்டது. கை முழுக்கக் கிரீஸ். தோலில் தண்ணீர் படாமல், தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் வுழூ நிறைவேறாது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்ததிலேயே நேரம் போய்விட்டது. வேலை முடிந்ததா என்று கேட்ட மனைவிக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் பறந்தேன்.

குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் என் நகக்கண்ணில் மிச்சமிருந்த கறுப்பைப் பார்த்தேன். ஸ்பேனரை நான் தொடவே இல்லை. மனைவி இன்று மகளோடு அந்தக் காரில் பாலமுனைக்கு, தோழி வீட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போகிறாள். ஜும்ஆத் தொழுகை நேரம் ரோட்டு வெறுமையாக இருக்கும், வேகமாகப் போகலாம் என்று அந்த நேரத்தில்தான் கிளம்புவாள்.

எழும்பியிருக்க வேண்டும். நான் இருந்ததோ, இடைவெளி கண்டு நுழைந்த இரண்டாவது ஸப்பு வரிசையில். பின்னால் வாசல்வரை ஆட்கள். குத்பா நடக்கும்போது பிடரி தாண்டிப் போகிறவனை ஊர் என்ன நினைக்கும்? இன்னும் புறப்பட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு குத்பாவில் முதலாவதை முடித்து மௌலவி உட்கார்ந்தபோதுதான் துணிவு வந்தது. தோள் தோளாகத் தாண்டினேன். யாரோ சாரனைப் பிடித்து இழுத்தார்.

வாசலில் நின்று போன் எடுத்தேன். அவள் தூக்கவில்லை. கார் ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று பழக்கியவனும் நான்தான். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் தாண்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்த காரைத்தான் என் கண் தேடியது.

நிந்தவூருக்கு முன்னால், வயலோரத்தில் கார் சரிந்து நின்றது. சில்லில் ஒரு நட்டுத்தான் மிச்சம். மகள் புல்லில் இருந்து அழுதுகொண்டிருந்தாள், முழங்கையில் சிராய்ப்பு. மனைவி அழவில்லை.

"சில்லு ஆடுற மாதிரி இருந்திச்சி. நிப்பாட்டக்குள்ள சரிஞ்சிட்டு" என்றாள்.

நட்டை இறுக்க மறந்ததைச் சொன்னேன். மகளின் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்த?"

என் தலையில் தொழுகைத் தொப்பி அப்படியே இருந்தது.

"இப்பதான்" என்றேன்.