காத்து வந்துதா?

"கத்தி வச்சா காத்து பட்டுப் பரவிடும்." எனக்குக் குடலில் கட்டி என்று தெரிந்த வாரத்தில் இதை எத்தனை பேர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்கள் என்று எண்ணினால் கைவிரல் போதாது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து சொன்னவர்கள் சிலர். கையை வீசிக்கொண்டு வந்து, காபியும் குடித்துவிட்டுச் சொன்னவர்கள்தான் அதிகம். "உள்ள இருக்கற வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கும்மா. வயித்தக் கிழிச்சி காத்து பட்டுச்சோ, அவ்ளோதான்." நான் இருபத்தாறு வருடமாக மரக்காணத்தில் உப்பு வாருகிறவள். வருடத்தில் பாதி நாள் காற்று வேண்டும், காற்று வேண்டும் என்று தவம் கிடக்கிறவள். என்னிடமே வந்து காற்று ஆகாது என்றால் கோபம் வருமா வராதா?

எங்களுக்கும் காற்றுக்கும் உள்ள சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்தியில் உப்புத்தண்ணீரைக் கட்டிவிட்டால் வெயில் மட்டும் போதாது. மேற்கேயிருந்து காய்ந்த காற்று, நாங்கள் மேகாத்து என்போம், அது வர வேண்டும். வந்தால்தான் தண்ணீர் சுண்டும், உப்பு பூக்கும். வராவிட்டால் பாத்தி உம்மென்று அப்படியே கிடக்கும். அதனால் சீசன் நாட்களில் நாங்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "காத்து வந்துதா?" என்றுதான் கேட்போம். என் வீட்டுக்காரரும் நானும் கல்யாணமான நாளிலிருந்து அதிகம் பேசிய பேச்சும் அதுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன் அவர்.

உப்பளத்துக்காரர்களுக்கு எந்த வியாதி வந்தாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான், சூடு. எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. சூடு என்றார்கள். பிறகு மூலம் என்றார்கள். மூன்று மாதம் துத்திக்கீரையை வதக்கியும் கடைந்தும் தின்றேன். ஆடுகூட அவ்வளவு தின்றிருக்காது. தை மாதம் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்குகிற வேலையில் இருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னை மொபெட்டில் ஏற்றி, சேற்றுக் காலோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு நோய் என்ன என்பதைவிட, அந்தப் பளபளப்பான தரையில் எங்கள் நாலு காலும் பதித்த சேறுதான் அன்றைக்குப் பெரிய கவலையாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மறைத்துப் பேசத் தெரியாது. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. "பெருங்குடல்ல கட்டி இருக்குதும்மா. அதுலேருந்து போயி ஈரல்லயும் அஞ்சாறு எடத்துல ஒக்காந்திருக்குது" என்றார். அப்படியானால் அறுத்து எடுத்துவிடுங்கள் என்றேன். "இப்ப வேணாம். குடல்ல வழி இன்னும் தெறந்துதான் இருக்குது. மருந்து ஏத்தினா குடலுக்கும் போவும், ஈரலுக்கும் போவும். இப்ப அறுத்துட்டு, அது ஆறட்டும்னு ஒக்காந்திருந்தா ஈரல்ல இருக்கறது சும்மா இருக்காது. வழி அடைக்கப் பாத்தா அப்ப கத்திய எடுக்கறேன்." எனக்குப் புரிந்தது. ஆனால் கிளியனூருக்குப் புரியவில்லை.

கிளியனூர் என்றால் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணமாகி வந்து நான் வைத்த முதல் மீன் குழம்பை நாக்கில் வைத்துவிட்டு, "உப்பளத்துக்கு வந்தவளுக்கு உப்பு போடத் தெரியல" என்று ஊர் கேட்கச் சொன்னவர். அன்றிலிருந்து எங்களுக்குள் ஆகாது. அப்படிப்பட்டவர், விஷயம் கேள்விப்பட்டதும் நிலத்து வேலையைப் போட்டுவிட்டு, துணிப்பையோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டார். வந்ததும் டாக்டரம்மாவோடுதான் சண்டை. "கட்டிய உள்ளயே வச்சிக்கினு மருந்து ஏத்துவாங்களாம். பாம்ப வூட்டுக்குள்ள வுட்டுட்டு கதவ சாத்தற கதையா இல்ல இருக்குது!" ஊர் முழுக்க அறுக்காதே என்றது, அண்ணி மட்டும் அறு என்றார். நடுவில் நான் மருந்து ஏற்றிக்கொண்டேன். அந்த மருந்தின் வேலை, பச்சைத்தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. மற்றபடி இருந்தேன்.

நாலாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. ரெண்டு நாள் வெளிக்குப் போகவில்லை. அப்போது சித்திரை, சீசன் உச்சத்தில் இருந்தது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் கத்திக்கு நேரம் வந்துது" என்றார். "ஆனா ஒண்ணு. இத எடுத்துட்டா நோய் போயிடும்னு நெனச்சிக்காதீங்க. வழி தெறக்கறதுக்குத்தான் எடுக்கறோம். ஈரல்ல இருக்கறது இருக்கும். தச்ச எடம் நல்லா ஆறினாத்தான் மறுபடி மருந்து ஏத்த முடியும். அதுதான் முக்கியம். ஒருவேளை வெளிக்குப் போறதுக்கு வயித்துல பை வைக்க வேண்டியும் வரலாம்."

"பையா? குனிஞ்சி உப்பு வாரணுமே டாக்டரம்மா."

"பைய வச்சிக்கினு உப்பு வாரலாம். வழி அடைச்சிக்கினா வார முடியுமா?"

அந்த அம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது. இருந்தாலும் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "வயித்த தெறந்தா காத்து பட்டு பரவும்றாங்களே?"

"பரவினது எப்பவோ பரவிடுச்சிம்மா. காத்து மேல எதுக்குப் பழி?"

சொன்ன விஷயம் கெட்ட விஷயம்தான். ஆனால் காற்றுக்குப் பரிந்துகொண்டு ஒருத்தராவது பேசினாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதல் வேலையாக வயிற்றைத் தடவினேன். "இன்னாத்த தடவற? பை இல்ல. நான் அப்பவே பாத்துட்டேன்" என்றது அண்ணியின் குரல். அது பெண்கள் வார்டு. ஆம்பிளைகளைப் பார்வை நேரம் தவிர உள்ளே விட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "பாத்தியில தண்ணி நிக்குது, நீங்க போங்க" என்று கையைக் காட்டினேன். போனார்.

மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். எனக்கு ஜன்னலோரக் கட்டில். புதிதாக வேலைக்கு வந்த சின்ன சிஸ்டர் ஒருத்தி அட்டையோடு வந்து, "அம்மா, காத்து வந்துச்சா?" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பாண்டிச்சேரிக்காரப் பெண், நம் பாத்தியை நினைத்துக் கேட்கிறதே! "காலையிலேருந்தே நல்லா வருதும்மா. ஜிலுஜிலுன்னு இல்ல, நல்லா காஞ்ச காத்து" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டாள். மதியம் கஞ்சித்தண்ணீர் வந்தது. சாயங்காலம் இட்லி வந்தது. ஒன்று தின்றேன், அண்ணி அதட்டியதால் இன்னொன்றும் தின்றேன்.

மறுநாள் விடிந்தபோது வயிறு மத்தளமாகியிருந்தது. தின்றதெல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது. மறுபடி மூக்கில் குழாய். டாக்டரம்மா வந்தார். வழக்கமாகச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "தச்ச எடம் கசியுதான்னு பாக்கணும். கசிஞ்சா மறுபடி தெறக்கணும், பை வைக்கணும். மருந்து ஏத்தறது ரொம்ப தள்ளிப் போயிடும்." ஈரலில் இருப்பது அதுவரை காத்திருக்காது என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். பயந்தேன். இதில் வெட்கமென்ன, நடுங்கிப்போனேன். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவரும் உதறவில்லை.

கசியவில்லை. டாக்டரம்மா படத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "தையல் நல்லாத்தானே இருக்குது. காத்து பிரிஞ்சிதுன்னு வேற எழுதியிருக்குது. அப்புறம் ஏன் இப்படி?"

சின்ன சிஸ்டர் பயந்துகொண்டே, "அம்மாதான் மேடம் சொன்னாங்க, காலையிலேருந்து நல்லா வருதுன்னு" என்றாள்.

"ஆமா, ஜன்னல்ல வந்துதே. மேகாத்து" என்றேன் நான்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "ஜன்னல் காத்து இல்லம்மா. கீழ் காத்து! குடல் இன்னும் தூங்கிக்கினு இருக்குது. அது முழிச்சிக்கினா காத்து பிரியும். பிரிஞ்சாதான் சோறு. சோறு எறங்கி ஒடம்பு தேறினாதான் மருந்து." அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "வாயில சனி! கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுதா பாரு!"

உடனே தம்பிக்கு போன் போட்டார். என் நாத்தனாருக்கு போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து பேசினால் மரக்காணத்துக்குக் கேட்கும். "டேய், இன்னும் காத்து வரலடா!"

அந்தப் பக்கத்திலிருந்து அவர் பொறுமையாகச் சொன்னது எனக்கே கேட்டது. "இங்கயும் இல்லக்கா. தண்ணி அப்படியே நிக்குது."

"உன் பாத்திய யாருடா கேட்டா? உன் பொண்டாட்டி குசு வுடணும்டா!"

வார்டே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் போட்ட இடம் உயிர் போக வலித்தது, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மறுபடி சிரித்தேன். அதற்குப் பிறகு என் காற்று எனக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், கூட்டுகிற அம்மா, எல்லாரும் போகிற வருகிற போதெல்லாம் "வந்துதா?" என்றார்கள். அண்ணி ஒரு கையில் மூக்குக் குழாயின் பையும் ஒரு கையில் நானுமாக வராந்தாவில் நடத்திக்கொண்டே இருந்தார். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"இதுக்கெல்லாமா அண்ணி முருகன கூப்புடுவாங்க?"

"குடலும் அவர் குடுத்ததுதான். நட."

அன்றைக்கு முழுக்க வரவில்லை. மறுநாள் காலை பத்தரை மணிக்கு டாக்டரம்மா ஆறு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, என் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அவர்களுக்கு ஏதோ பாடம் சொல்ல ஆரம்பித்தார். அப்போது வந்தது. சின்னதாக அல்ல. ஆறு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். எதிர்க் கட்டில் அம்மா கை தட்டினாள். டாக்டரம்மா முகத்தை அசைக்காமல், "சிஸ்டர், இத எழுதிக்கோங்க" என்றார். அண்ணி "பாழாப் போனவளே" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியம் கஞ்சி கொடுத்தபோது, "உப்பு இல்லியே அண்ணி" என்றேன். "உப்பளத்துக்காரிக்கு நான் உப்பு போடறதா?" என்றார். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ரெண்டு பேருக்கும் அதில் ருசி வந்துவிட்டது.

ஒரு மாதத்துக்குள் மறுபடி மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் குனிந்து வேலை செய்யக் கூடாது. வீட்டில் இருக்கிறேன். அவர் தனியாகப் பாத்திக்குப் போகிறார், தினமும் காலை பத்து மணிக்கு அங்கிருந்து போன் பண்ணுகிறார். "காத்து வந்துதா?" அவ்வளவுதான் பேச்சு. "வந்துது" என்பேன். வைத்துவிடுவார். முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு பழகிவிட்டது.

போன வாரம் புது ஸ்கேன் பார்த்தார்கள். ஈரலில் இருப்பது சிறுத்திருக்கிறது. "முழுசா போவாதும்மா. அடங்கிக் கெடக்குது. அடங்கிக் கெடக்கற வரைக்கும் நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. நான் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மறுநாள் காலை எனக்கு மனம் சரியில்லை. பத்து மணிக்கு போன் அடித்தது.

"காத்து வந்துதா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "யோவ், பாத்தியில நிக்கறது நீ. போன்ல உய்யுனு காத்து அடிக்கறது எனக்கே கேக்குது. வந்துதா இல்லியான்னு என்ன வந்து கேக்கற?"

காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இங்க வந்தது தெரியுதும்மா" என்றார். "அங்க வந்துதுன்னு நீ சொல்ற வரைக்கும் எனக்குக் கை ஓடல, கால் ஓடல."

இருபத்தாறு வருடத்தில் அந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"வந்துது" என்றேன். "நல்லா வந்துது. போயி உப்ப வாருங்க."