மல்லன் ஜோகோய் போட்ட ஊசி

பிகின் நகரத்து மணல் தெருக்களில் மல்லன் ஜோகோயைத் தெரியாதவர் கிடையாது. காளைக் கழுத்து, கல்லுத் தோள். ஆனால் தேனிங்கைக் கட்டி ஐந்து வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. பழி யார் தலையில்? வேறு யார், அவள் தலையில்தான்.

"என் புள்ளைக்கு என்ன குறை? நிலம் சரியில்ல!" என்று மாமியார் யாண்டே ஊர் கேட்கச் சொல்வாள். இரண்டாம் தாரத்துக்குப் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

ஜோகோய்க்குத் தேனிங் என்றால் உயிர். தாயத்து கட்டினான், மந்திரித்த பாலைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அதோடு விட்டானா? தசை ஏற்றப் போட்டுவந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியை இரட்டிப்பாக்கினான். ஆண்மை மருந்தாயிற்றே! மடையன், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

தேனிங்தான் அவனை டாக்டர் யாசினிடம் இழுத்துப் போனாள். சோதித்துப் பார்த்த அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விந்தணு ஒண்ணுகூட இல்ல தம்பி. எல்லாம் ஊசி பண்ண வேலை."

"அது ஆம்பளைக்கானதுதானே டாக்டர்?"

"அதான் வினையே. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி ரெண்டு ஹார்மோன் அனுப்பும். ஒண்ணு விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லும், இன்னொண்ணு விந்தணு உண்டாக்கச் சொல்லும். ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் ஏறினா மூளை உத்தரவைக் குறைச்சிரும். நீ வெளியிலேருந்து கொட்டிக்கிட்டே இருக்க. அது ரெண்டையுமே நிறுத்திருச்சு."

"விட்டுட்டா?"

"உடம்பு வத்தும், சோர்வு வரும். பெரும்பாலும் பழையபடி திரும்பிரும். மாசக்கணக்காகும், பொறுத்துக்கணும்."

விட்டான். தோள் வற்றியது. அடுத்த வருடச் சோதனையில் விந்தணு தென்பட்டது. தேனிங் டாக்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாண்டேயோ, "புருஷனையும் உறிஞ்சிட்டா பாவி!" என்றாள். ஜோகோய்க்குப் பொறுக்கவில்லை.

அடுத்த சண்டை நாள். மோதுமுன் மல்லர்கள் மேளத்துக்கு நடுவே தங்கள் வீரத்தைத் தாங்களே பாடுவது வழக்கம். ஜோகோய் மைக்கைப் பிடித்தான்.

"பதினொரு பேரைச் சாய்ச்சவன் நான்! தேனிங் மேல குறை இல்ல, கேட்டுக்குங்க! குறை என்கிட்ட! ஊசி போட்டு என் விதையை நானே கெடுத்தேன்! இப்ப நிறுத்திட்டேன், சரியாகிட்டு வருது! இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வரமாட்டா!"

மேளம் நின்றுபோனது. முன்வரிசையில் யாண்டே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தேனிங் எழுந்து நின்று குலவையிட்டாள்.

சண்டை தொடங்கியது. எதிராளி இவனைப்போல் இரண்டு மடங்கு, வீங்கின மலை. பிடி இறுகியதும் ஜோகோயின் காதருகே அவன் மூச்சிரைக்கக் கேட்டான்:

"அண்ணே, அந்த டாக்டரம்மா எந்தத் தெரு?"

"மொதல்ல கீழ விழுடா, சொல்றேன்."