படிக்கட்டில் ஒரு சின்னக் கைப்பிடி

1

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் தச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை அந்த வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். ஊரார் அதை ‘இங்கிலீஷ்காரன் வீடு’ என்பார்கள். எந்தக் காலத்திலோ வியாபாரம் செய்ய வந்த ஒருவர் தன் நாட்டு நகர வீடு மாதிரியே கட்டியது. ஒடுங்கிய முகப்பு, சிவப்புச் செங்கல், சமைக்கிற குசினி நிலத்துக்குக் கீழே. தளத்துக்கு முன்னொன்று பின்னொன்றாக இரண்டே அறைகள். டென்மார்க்கில் யன்னல்கள் வெளிப்பக்கம் திறக்கும். இந்த வீட்டில் மேலும் கீழுமாக வழுக்கின. சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கிய இரும்பு எடைக் குண்டுகள் அவற்றைத் தாங்கின.

படிக்கட்டு சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக ஏறியது. பெரியவர்களுக்கு எட்டும் உயரத்தில் ஒரு பழைய கைப்பிடி மட்டும் இருந்தது. எங்கள் முதலாளியை மெஸ்டர் என்போம். அவர் எச்சரித்தார்:

“குணா, இது அரசாங்கம் காக்கிற கட்டடம். பழசைத் திருத்தலாம். புதுசா ஒண்டும் பூட்டேலாது.”

2

வீட்டுக்காரி கிர்ஸ்டன் ஓய்வுபெற்ற ஆசிரியை. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மேல்தளத்தை வாடகைக்கு விடத்தான் இந்தத் திருத்த வேலை.

கோப்பி நேரத்தில் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மனைவி தவமும் மகள் சுதாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். அகதியாக வந்த எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் கிடந்த காலம் அது. குடிவரவுக் கந்தோரில் கேட்டால் “பொறுங்கோ” என்ற ஒரே பதில். ஊரிலோ ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

“மேல்தளம் உங்களுக்குத்தான். மகள் எவ்வளவு உயரம்?” என்றார் கிர்ஸ்டன்.

நான் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

அன்றே அவர் மெஸ்டரைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் படியிலை சின்னப் பிள்ளை பிடிக்க ஒண்டுமில்லை. பதிவா, பிள்ளைக்கு எட்டுற உயரத்திலை ஒரு கைப்பிடி போடுங்கோ.”

“ஏலாது. பிறகு அரசாங்க ஆக்கள் என்னைத்தான் கேப்பினம்.”

“இங்கிலீஷ்காரனுக்குப் பிறகு வந்த தானிய வியாபாரி அலுமாரி அடிச்சார். தையல்காரர் அறையை ரெண்டாப் பிரிச்சார். என்ரை அப்பா காஸ் குழாய் இழுத்தார். வந்த ஆக்கள் எல்லாரும் தங்களுக்கு வேண்டினதைச் செய்துதான் இந்த வீடு இவ்வளவு காலம் நிக்குது.”

மெஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளைக்கு விசாவே இல்லையே.”

“வரும்,” என்றார் கிர்ஸ்டன்.

மெஸ்டர் படியில் குந்தியிருந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஸ்குரூவிலை பூட்டு. எப்ப வேண்டுமெண்டாலும் கழட்டக்கூடியதா இருக்கவேணும்,” என்றார். மரத்தை அவரே தேடி எடுத்துத் தந்தார். மரச் சிலாம்பு பிள்ளையின் கையில் குத்தாதிருக்க அதை அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, என் பிள்ளை வருவாள் என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினேன்.

3

எங்கள் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தது வெளிவந்து, டென்மார்க் முழுவதும் ‘தமிழர் வழக்கு’ என்று கதைக்கத் தொடங்கிய பிறகுதான் இருவரும் வந்து சேர்ந்தார்கள். சுதா என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். மேலே இருந்த பெரிய கைப்பிடியைப் பிடித்தபடி விறுவிறுவென்று ஏறிப் போனாள். கிர்ஸ்டன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

சுதா சின்னவளாக இருந்த காலம் திரும்பி வராது. “சின்னக் கைப்பிடியை நாளைக்குக் கழட்டிப் போடுறன்,” என்று தவத்திடம் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, என்னத்துக்கு அவசரம்?” என்றாள் அவள், சுதாவுக்குக் கேட்காமல். “இனியும் ஒண்டு பிறக்கும்தானே.”

மகன் பிறந்தான். அந்தச் சின்னக் கைப்பிடியைப் பிடித்துத்தான் படி ஏறப் பழகினான்.

பழைய வீட்டு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டை அளக்கும்போது, இனி வரப்போகிறவர்களின் உயரத்தையும் கேளுங்கள்.