பிஸ்கோத்து என்றால் என்ன

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்த மருமகள் இன்னும் உட்காரக்கூட இல்லை. டீயில் பிஸ்கோத்தை முக்கிக்கொண்டே என் மகன் சொல்கிறான்: “அவ பாக்குறதெல்லாம் ஒரு வேலையாம்மா? பிஸ்கோத்து!”

எத்தனை வருஷம் ஆனாலும் இந்தச் சொல் எங்கள் வீட்டு ஆண்களின் வாயை விட்டுப் போகவே போகாதா?

எழுபதுகளில், மணிமங்கலத்தில், அப்பா அம்மாவை அப்படித்தான் சொல்வார். “அவ கெடக்குறா, பிஸ்கோத்து.” எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குப் பிஸ்கோத்து வரும். நாக்கில் வைத்தால் பாலும் சர்க்கரையுமாகக் கரையும். அப்பாவுக்கு அம்மா மேல் எவ்வளவு ஆசை என்று நான் பூரித்துப்போவேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த என் டீச்சரிடம் பிரியமாகச் சொன்னேன்: “நீங்களும் எங்கம்மா மாதிரி பிஸ்கோத்து, டீச்சர்!”

அப்பா பளாரென்று அறைந்தார். “டீச்சர்கிட்ட இன்னா பேச்சு பேசுற?” உடனே டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். “மன்னிச்சுக்கங்க டீச்சர். மட்டமான வார்த்தைன்னு கொழந்தைக்குத் தெரியாது.”

அப்பாவுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்ற அம்மாவுக்கு அந்த மன்னிப்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

மகன் அடுத்த பிஸ்கோத்துக்குக் கை நீட்டினான். தட்டை இழுத்து மருமகள் முன்னால் வைத்தேன்.

“நீ வெறும் டீ குடிடா.”