கட்டில் காலில் கட்டிய கயிறு

உப்பளம் இரண்டு, கடற்கரைப் பக்கம் சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி, நான்கு லாரி, மாடி வைத்த வீடு. புதிய துறைமுகத்துக்குக் கல் ஏற்றி அடித்ததில் என் லாரிகளுக்கும் பங்கு உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்புத் தோணியில் சோறாக்கப் போனவன் நான். அப்பன் சொத்து என்று ஒரு பனைகூடக் கிடையாது. கட்டியது எதுவானாலும் வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தேன். மாற்றான் உழைப்பில் பெயர் வாங்கியவன் அல்ல.

அப்படிப்பட்ட உடம்பில் முதலில் வந்தது முதுகுக் குத்தல். மூட்டை தூக்கிய பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைத்தது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "அண்ணாச்சி, நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு" என்றார். புளூரசி (நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் அழற்சி, நீரும் சேரும்). காரணம் காசநோய். ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து). அது போடும்போது காதில் வண்டு இரைந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் வீம்புக்கு மறைத்தேன். ஒரு காது இன்றும் மந்தம்.

பக்கத்துக் கட்டிலில் கஸ்பார் என்ற முதியவர். முத்துக்குளிப்பிலும் சங்குகுளிப்பிலும் ஆயுளைக் கழித்தவர். அவருக்கு எம்பிசிமா (நுரையீரலின் சிறு பைகள் தளர்ந்து, காற்றை வெளியே தள்ள முடியாமல் போவது). சத்தம் போட்டுக் கூப்பிட மூச்சு கிடையாது. அவர் மணிக்கட்டில் ஒரு மெல்லிய கயிறு. மறுமுனை, கட்டிலுக்குக் கீழே பாயில் கிடக்கும் மனைவி செலஸ்தீனம்மாள் கையில்.

"ஆடு அவுத்துக்கிட்டு ஓடிருமாக்கும்?" என்று கேலி செய்தேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "ஓடுனாலும் ஓடிருவாரு தம்பி. கடல்ல குளிக்கிறவருக்குக் கயிறு மச்சான்தான் புடிக்கணும். அக்கா தாலிய நெனச்சு விடமாட்டாம்லா? எந்தம்பி போய்ச் சேந்துட்டான். இப்ப நாந்தான் மச்சான்."

"ஏளா, மச்சானுக்கு மீசைய எங்க?" என்றார் கஸ்பார். அந்த ஒரு வரிக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

கஞ்சியில் முதல் வாய் அந்த அம்மாள் குடித்தால்தான் அவர் வாய் திறப்பார். வயதான காலத்துக் கொஞ்சல் என்று நினைத்தேன். கயிற்றையும் அதில்தான் சேர்த்தேன்.

எனக்குக் காய்ச்சல் விட்டு, எழுந்து நடக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து செலஸ்தீனம்மாள் மாதா கோயில் பூசை கண்டதில்லை. "போயிட்டு வாங்கம்மா. கயித்த இங்கன குடுங்க" என்றேன்.

"விட்டுராதீங்க தம்பி. அவரு சுண்டுனாருன்னா..."

"தோணிக் கயிறு புடிச்ச கையிது. எனக்கே கயித்துப் பாடமா?"

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

கயிறு ஒருமுறை சுண்டியது. தோணியில் சரக்கு இறக்கும்போது கீழே நிற்பவன் கயிற்றைச் சுண்டினால் 'இளக்கு, தளர விடு' என்று பொருள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் புரள்கிறார் என்று இளக்கினேன். மறுபடி சுண்டியது. இன்னும் இளக்கினேன். பிறகு சுண்டவில்லை. தூங்கிவிட்டார் என்று எனக்குப் பெருமை வேறு.

முத்துக்குளிப்பவர் சுண்டினால் 'தூக்கு' என்று பொருள். மூச்சு முடிந்தது, மேலே எடு என்று.

நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துக் கத்தினார். ஆக்சிஜன் வைத்தும் பயனில்லை.

"முந்தியே கூப்பிட்டிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

"பொழைச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாதுல்லா?"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாழ்வாரத்தில் கஸ்பாரின் தம்பி சத்தம் போட்டார். "பூச பெருசாப் போச்சோ மதினி? கயித்த யாருட்ட குடுத்துட்டுப் போனிய?"

கதவோரம் நின்ற என்னை அந்த அம்மாள் ஒருமுறை பார்த்தார்.

"கட்டில் கால்ல கட்டிட்டுப் போனேன்."

ஊரையே அதட்டிய வாய் எனக்கு. அன்றைக்குத் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு பாயை எடுக்க வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க இன்னும் கட்டில்லதான கெடக்கிய. அவரு போயிட்டாரு. ஒங்களையும் நோகடிச்சு என்ன செய்ய? பொழைச்சுப் போங்க தம்பி."

பிழைத்தேன். கடைசிப் படத்தில் நெஞ்சு தெளிந்திருந்தது. முன்பெல்லாம் எனக்குப் பொழுது என்றால் லாரி போய் வரும் நேரம். இப்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடக்கிறது என்று தெரிகிறது. சும்மா இருக்கையில் மணிக்கட்டு சுண்டும். எழுந்து உட்காருவேன். தூக்குவதற்கு யாரும் இல்லை.

நோயாளிக்குத் துணையிருக்கப் போகிறவர்கள், அவருடைய சைகைக்கு என்ன பொருள் என்று முழுதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். நமக்குத் தெரிந்த வேலைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

செலஸ்தீனம்மாளும் போய்விட்டார். அவர் அடக்கத்திலேயே ஒருத்தி, "கயித்தக் கட்டில் கால்ல கட்டிட்டுப் பூசைக்குப் போனவ" என்றாள்.

அது பொய். உப்பளத்தில் என் பெயர் இருக்கிறது, கிட்டங்கியில் இருக்கிறது, ஒருவரும் மறுப்பதில்லை. இதிலும் இருக்க வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இனிமேல் கட்டில் காலைச் சொல்லக் கூடாது. கயிறு என் கையில் இருந்தது. இளக்கியவன் நான். என் பங்கை என் பெயரிலேயே சொல்லுங்கள்.