கழுவாத பாட்டில்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. குரல் இன்னும் தணிந்துபோகும். "சரிங்க", "ஆகட்டும்" என்று தலையாட்டுவாள். பணிந்துவிட்டாள் என்று நம்பியவர்கள் யாரும் உருப்பட்டதில்லை. நான் நேரெதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும்.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ராக்கெட் புகை. ராக்கெட் மேலே போவதை ஊரே அண்ணாந்து பார்க்கும். அது கீழே எதைக் கொட்டிவிட்டுப் போகிறது என்று குனிந்து பார்த்தவள் என் அக்கா. ஏவுதளத்தை ஒட்டி ஆழமில்லாத நன்னீர்க் குளம் ஒன்று. திட எரிபொருள் எரிகிற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது குளத்தில் இறங்கினால் மீன் தாங்காது. ஆனால் கொஞ்ச நாளில் தண்ணீர் தானே தேறிவிடும், தடயமும் போய்விடும். அதனால் புகை அடங்கிக் காவலாளி கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பாட்டிலில் பிடித்துவிட வேண்டும். அக்கா ஓடினாள். செத்து மிதந்த குஞ்சு மீன்களுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்தாள். வீட்டுக்கு வந்தபோது காலெல்லாம் அரிப்பு. "விடறவன் விட்டுட்டுப் போயிட்டான், இவ சொறிஞ்சிக்கிட்டு நிக்கறா" என்று புலம்பிக்கொண்டே அம்மா எண்ணெய் தடவினாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரை எல்லோரும் சார் என்பார்கள். வேறு வழியில்லாமல் நானும் அப்படியே சொல்கிறேன். குளத்தில் அமிலம் இருக்கிறது என்று அக்காவின் முடிவுகள் வந்த அதே சமயத்தில் ஏவுதளத்தின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுவில் சாருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு துறையின் வருடாந்தரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆசிட் குளத்துல இல்லம்மா, உன் பாட்டில்ல இருக்கு. ஆசிட்ல ஊறவச்ச பாட்டில சரியா அலசாம எடுத்துட்டுப் போயிருக்க."

ஆய்வகத்தில் பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் பல தடவை அலசுவார்கள். அலசாமல் விடுவது நேற்றுச் சேர்ந்த பிள்ளை செய்கிற தப்பு. கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அக்காவுக்குக் 'கழுவாத பாட்டில்' என்று பெயர். படிக்கட்டில் ஏறினால் பின்னால் கேட்கும், கேண்டீனில் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் கேட்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் காரில் போனார். அவள் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"அந்தாளு கார் டயர்ல ஆணி வச்சுட்டு வரேன்" என்றேன்.

"டயர் மாத்திப்பாரு. சும்மா இரு."

மறுநாள் சாரிடம் போய், "நீங்க சொன்னதே சரி சார், அப்படியே எழுதிடறேன்" என்றாளாம். ஆய்வேட்டில், அளந்த எண்களை அட்டவணையில் அப்படியே வைத்தாள். அதன் கீழே, இந்த அமிலம் பாட்டில் கழுவியதன் மிச்சம் என்பது வழிகாட்டியின் கருத்து என்று ஒரு வரி எழுதினாள். சார் அந்த வரியை மட்டும் படித்துப் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கா முழங்கால் தண்ணில நின்ன?"

அப்போதுதான் அவள் குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னாள். சில வருடங்களுக்கு முன்னால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி பட்டு சார் அறை ஏசி துருப்பிடித்துச் செத்துப்போனது. சார் ஆடித் தீர்த்து, இனி பாட்டில் கழுவ அந்த அமிலம் ஆய்வகத்துக்குள் வரவே கூடாது என்றார். அன்றோடு நைட்ரிக் அமிலத்துக்கு மாறியாகிவிட்டது. கழுவுபவர்களுக்குத்தான் அது நினைவிருக்கும். சார் பாட்டிலைத் தொட்டே பல காலம்.

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, ஓ அப்படியான்னு பேச்ச மாத்திடுவாரு. நாலு பேர் முன்னால சிரிச்சாரில்ல, வாய்மொழித் தேர்வுக்கும் நாலு பேர் வருவாங்க. அதுக்குள்ள அவருக்கு ஏசி ஞாபகம் வந்துட்டா நான் தொலைஞ்சேன். பட்டமும் போச்சு, இந்தப் பேரோடயே சாக வேண்டியதுதான்."

அதன்பிறகு யாராவது ஏசி என்று வாயெடுத்தாலே நான் பேச்சை மாற்றினேன்.

தேர்வன்று அம்மாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆய்வேட்டில் அந்த வரி இருந்த பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

"உங்க லேப்ல பாட்டில் கழுவறது எந்த ஆசிட்ல?"

"சாரையே கேட்டுடலாம் மேடம். கருத்து அவரோடது" என்றாள் அக்கா.

சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஹைட்ரோகுளோரிக்தான் மேடம். எங்க காலத்துலேர்ந்து அதுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றாள் அக்கா, அதே தணிந்த குரலில். "உங்க ஏசி துருப்பிடிச்சதுன்னு நீங்கதான் அதை நிறுத்தினீங்க. நான் சேர்றதுக்கு முன்னாடியே நைட்ரிக்குக்கு மாறியாச்சு. அது பாட்டில்ல மிச்சம் இருந்தா தண்ணில நைட்ரேட் இருக்கணும். அட்டவணையப் பாருங்க, சொல்லிக்கற மாதிரி இல்ல. இருக்கறது குளோரைடு. அது ராக்கெட் போட்டது."

தேர்வாளர் பக்கத்தைத் திருப்பினார். எங்கிருந்தோ "ஆமா, அந்த ஏசி" என்று ஒரு முணுமுணுப்பு. பிறகு சிரிப்பு கிளம்பியது. சிரித்தது அதே கூட்டம்தான். முறைப்படி முடிவை அறிவிக்க வேண்டியவர் வழிகாட்டி. சார் எழுந்து நின்று, அக்காவை முனைவர் என்று தன் வாயாலேயே சொன்னார். நான் கை வலிக்கத் தட்டினேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

செய்தி ஆலோசனைக் குழுவுக்கும் போனது. விளக்கம் கேட்டார்கள். ஒரு மாலையில் சார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"தெரியாம நடந்த தப்புதான்னு நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, என்னைக் குழுவுல வச்சுப்பாங்கம்மா."

"பெரிய மனுஷன் வீடு தேடி வந்திருக்காரு, போட்டுக் குடுத்துடேன்" என்றாள் அம்மா. எனக்கே பாவமாக இருந்தது. என் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

"ஆகட்டும் சார்" என்றாள் அக்கா.

சார் மலர்ந்துபோய்ப் பேனாவை நீட்டினார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆனா பாட்டில் கழுவத் தெரியாதவ கையெழுத்து உங்களுக்கு எதுக்கு சார்?"

சார் நீட்டிய பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு படியிறங்கினார். அவர் குடித்த டம்ளரை அக்கா எடுத்துக்கொண்டு போனாள். தேய்த்து, திரும்பத் திரும்ப அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கவிழ்த்து வைத்தாள்.