மாட்டு விலை கேட்ட வாரம்

அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காது கிடையாது என்பது எனக்குப் பதினொன்றாவது வயதில் தெரிந்தது. யார் எந்த ரேடியோ ஸ்டேஷனைக் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு கம்பெனி எங்கள் வீட்டுக்கு ஒரு தடித்த உறையை அனுப்பியிருந்தது. உள்ளே அப்பாவுக்கு ஒரு சின்ன டைரி, அம்மாவுக்கு ஒரு சின்ன டைரி. எனக்கு இல்லை. பன்னிரண்டு நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் என்று அப்பா படித்துச் சொன்னார். வீட்டிலேயே அதிகமாக ரேடியோ கேட்பவள் நான். அப்படியிருந்தும் என் காதை இந்த நாடு மதிக்கவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் டெக்சஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் இருந்தோம். புதிதாகக் கட்டிய கோயில், அதை நம்பி வந்த சில தமிழ்க் குடும்பங்கள், மற்றபடி சுற்றிலும் புல்வெளியும் மாடுகளும். அப்பாவுக்கு ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. தினமும் கல்ஃப் ஃப்ரீவே என்கிற நெடுஞ்சாலையில் ஏறிப் போய், சாயங்காலம் அதே ஃப்ரீவேயில் திரும்பி வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஃப்ரீவேயை எங்கேயாவது தோண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். அம்மா வீட்டில். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

டைரியை ஒரு வாரம் எழுத வேண்டும், வியாழன் முதல் புதன் வரை. கேட்க ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம், எந்த ஸ்டேஷன், வீட்டிலா காரிலா, அவ்வளவுதான். கூடவே மடிப்புக் கலையாத ஒரு டாலர் நோட்டை நன்றி சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "ஒரு டாலர்னாலும் உப்பு உப்புதான். தின்னாச்சு, இனிமே ஒரு எழுத்து பொய் எழுதக் கூடாது" என்றார். கிரீன் கார்டு காகிதங்கள் எங்கேயோ நகர்ந்துகொண்டிருந்த சமயம். ரேடியோ கம்பெனிக்கும் இமிக்ரேஷன் ஆபீசுக்கும் ஏதோ உள்வழி இருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். சமையலறைக் கடிகாரம், கார்க் கடிகாரம், தன் கைக்கடிகாரம் மூன்றையும் ஒரே நிமிடத்துக்குத் திருப்பி வைத்தார். ஐஐடி நுழைவுத் தேர்வுக்குக்கூட அவர் இப்படித் தயாராகி இருக்கமாட்டார்.

விதிமுறைகளை அவர் கடைசி வரி வரை படித்து முடிப்பதற்குள் அம்மா தன் தம்பிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வம்பு அங்கே ஆரம்பித்தது.

மாமா ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். எண்ணெய் விலை சரிந்தபோது ஹூஸ்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போன வேலை அவருக்கும் போனது. ஆனால் மாமா தன்னை வேலை இல்லாதவராக ஒருநாளும் நினைத்ததில்லை, ஏனென்றால் அவர் ரேடியோவில் இருந்தார். பக்கத்துச் சிற்றூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு குட்டி ஏ.எம். ஸ்டேஷன் இருந்தது. கோழியும் அதுவும் ஒரே நேரத்தில் அடைந்துவிடும். சூரியன் மறைந்தால் ஒலிபரப்பு கிடையாது. அதில் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து வரை மாமாவின் தமிழ் நிகழ்ச்சி. இரண்டு பக்திப் பாட்டு, நாலு சினிமாப் பாட்டு, கோயில் அறிவிப்பு, ஒரு கடி ஜோக். திங்கள் முதல் சனி வரை பழைய பேன்ட்டில் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற மாமா, ஞாயிறு காலையில் மட்டும் டை கட்டிக்கொள்வார். ரேடியோவில் டை தெரியாதே என்று ஒருமுறை கேட்டேன். குரலில் தெரியும் என்றார். எனக்கு அவர்தான் உலகத்திலேயே பெரிய மனிதர்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு இப்போது ஆபத்து. சர்ச்காரர்கள் சிலர் ஞாயிறு காலை முழுவதையும் கேட்கிறார்களாம். இந்த முறை கணக்கெடுப்பில் ஸ்டேஷனுக்கு நல்ல எண் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் கொடுத்துவிடுவேன் என்று ஸ்டேஷன் முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் டைரி போகிற வீடுகளே கைவிரல் எண்ணிக்கைதான். அதில் ஒன்று சொந்த அக்கா வீடு. மாமா கால் மணி நேரத்தில் வந்து நின்றார்.

"அத்தான், ஒண்ணும் பெருசா வேணாம். வாரம் பூரா நம்ம ஸ்டேஷன்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"டாலர் வாங்கியாச்சு மாப்ளே."

"ஒரு டாலருக்கா இவ்ளோ?"

அப்பா சற்று நேரம் யோசித்தார். பொய் எழுத முடியாது. மைத்துனனைக் கைவிடவும் முடியாது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: கேட்காததைக் கேட்டதாக எழுதமாட்டேன், ஆனால் கேட்டுவிட்டு எழுதினால் அது பொய் இல்லை. ஆகவே வாரம் முழுக்க அந்த ஸ்டேஷனைக் கேட்போம். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் ஒரு தீர்ப்பு. மாமாவுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

அந்த ஸ்டேஷனில் ஞாயிறு ஒரு மணி நேரம் தவிர மிச்ச நேரத்தில் என்ன வருகிறது என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. காலையில் ஒரு கவ்பாய் தன்னை விட்டுப் போன மனைவியைப் பற்றிப் பாடுவார். அடுத்தவர் தன்னை விட்டுப் போன லாரியைப் பற்றிப் பாடுவார். சாயங்காலம் ஒரு போதகர் எல்லோரும் நரகத்துக்குப் போவதாகத் தேதி குறிப்பார். பகல் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை மாட்டுச் சந்தை விலை.

அம்மாவின் ஆங்கிலம் மளிகைக் கடைக்குப் போதும், டைரிக்குப் போதாது. எனவே அவளுடைய டைரிக்கு நான் குமாஸ்தாவாக நியமிக்கப்பட்டேன். பகலில் கேட்டதை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் குறித்து வைப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை டைரியில் ஏற்றுவேன். இரண்டாம் நாளே காகிதத்தின் ஓரத்தில், கேட்காமலேயே, விலைகளும் இருந்தன.

"நேத்தைவிட இன்னிக்கு எறங்கிடுச்சு பாவம்" என்றாள் அம்மா. "ஸ்டியர்னா என்னடி?"

அகராதியில் பார்த்தேன். காயடித்த காளை என்று போட்டிருந்தது, அதை அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "இட்ஸ் எ கைன்ட் ஆஃப் மாடு" என்று முடித்துக்கொண்டேன். முட்டைகூட வாங்காத எங்கள் வீட்டில், நடுப்பகலில் ஒரு பெண்மணி சாதத்தை வடித்துவிட்டு, எந்த மாடு என்ன விலைக்குப் போகிறது என்று அரை மணி நேரம் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்காக.

இப்படி எல்லாவற்றையும் தாங்கிய அம்மா ஒரே ஒரு இடத்தில் முரண்டு பிடித்தாள். வார நாட்களில் சாயங்காலம் நாலரை ஆனதும் அவள் கை தானாகப் போய் ரேடியோவை வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடும். அது ஹூஸ்டன் நகரத்துப் பெரிய செய்தி ஸ்டேஷன். அதில் ஒருவர் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டு, எந்த ஃப்ரீவேயில் எங்கே நெரிசல், எங்கே இடித்துக்கொண்டார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வார். வெகுநாளாக அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டர்காரர் அம்மாவின் ஆள் என்று அப்பாவே கேலி செய்வார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா நேரிலேயே வந்துவிட்டார், டைரி எப்படிப் போகிறது என்று பார்க்க. நாலரைக்கு அம்மாவின் கை ரேடியோவுக்குப் போனது.

"அக்கா, என்ன பண்றே? நம்ம ஸ்டேஷன்ல போதகர் வர நேரம்!"

"அவரு நாளைக்கும் அதையேதான் சொல்வாரு."

"இதுல மட்டும் என்ன இருக்கு? எந்த ரோட்ல எவ்ளோ கார் நிக்குதுன்னு சொல்றான். உனக்குக் கார் ஓட்டவே தெரியாது!"

"ஓட்டத் தெரியலன்னா கேக்கக் கூடாதா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் டைரியைப் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், அவ்வளவும் எதிரி ஸ்டேஷனுக்குப் போகிறது. அதையாவது மாற்றி எழுதலாமே என்று மாமா கெஞ்சினார். "மத்ததெல்லாம் உன் இஷ்டம்டா. அத மட்டும் மாத்தாத" என்றாள் அம்மா. அன்றைக்கு மாமாவுக்கு நல்ல பசி. தோசை மாவு தயாராக மேடைமேல் இருந்தது. ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று, அம்மா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. மாவு இன்னும் புளிக்கவில்லை என்றாள். ஹெலிகாப்டர்காரர் கல்ஃப் ஃப்ரீவேயில் ஏதோ ஒரு பெரிய லாரி கவிழ்ந்து கிடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு ஐந்துக்கு அப்பாவின் காருக்காக கராஜ் கதவு கடகடவென்று ஏறியது. அம்மா ரேடியோவை அணைத்தாள். மாவு உடனே புளித்துவிட்டது.

அவள்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொந்தத் தம்பி. வேலை போனவர். அவருக்கென்று இருப்பது ஒரு மணி நேரமும் ஒரு டையும். அதைக் காப்பாற்ற மாட்டுக்குக் காது கொடுத்தவள், ஒரு ஹெலிகாப்டருக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே. புதன்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்தபோது நான் துணிந்து காரியத்தில் இறங்கினேன். நல்லவேளையாக நான் எழுதியதெல்லாம் பென்சில். அந்த ஐந்து நாள் சாயங்காலத்தையும் ரப்பர் வைத்து அழித்து, மாமாவின் ஸ்டேஷனை எழுதினேன். நேரங்களை அப்படியே விட்டுவிட்டேன். அதை மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.

சாப்பாடு முடிந்து அப்பா தபாலில் போடுவதற்குமுன் சரிபார்க்க உட்கார்ந்தார். மாமாவும் இருந்தார். அப்பா தன் டைரியையும் அம்மாவின் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். ரப்பர் தேய்த்த இடத்தில் விரல் நின்றது.

"இத யாரு அழிச்சது?"

"ஐ டிட்" என்றேன். "ஃபார் மாமா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு டாலர், கிரீன் கார்டு, அரிச்சந்திரன் எல்லாம் கலந்த ஒரு நீண்ட உரைக்கு நான் என்னைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் அப்பா இரண்டு டைரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வை ஸ்டேஷன் பெயரில் இல்லை, நிறுத்திய நேரத்தில் இருந்தது. அவருடைய டைரியில், கார் என்ற இடத்தில், வீடு வந்து அணைத்த நேரமாக, அவர் கையெழுத்தில் வியாழன் ஐந்து ஐம்பத்திரண்டு, வெள்ளி ஆறு இருபது, திங்கள் ஐந்து நாற்பத்தொன்று, செவ்வாய் ஏழு ஐந்து, புதன் ஐந்து நாற்பத்தெட்டு. அம்மாவின் டைரியில், வீடு என்ற இடத்தில், என் கையெழுத்தில் அதே ஐந்து நேரம். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. அழித்தது போதாதென்று, அப்பாவைப் பார்த்துக் காப்பி அடித்தேன் என்றும் நினைத்துவிடுவாரோ?

"நான் காப்பி அடிக்கலப்பா, நிஜமா" என்றேன், அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழில்.

"தெரியும்" என்றார். தன் பேனாவை எடுத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு, ஐந்து இடத்திலும் ஹெலிகாப்டர் ஸ்டேஷனின் பெயரை அவரே எழுதினார். பிறகு மாமாவிடம், "விடு மாப்ளே, இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா பாத்திரம் தேய்த்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. ஸ்டேஷன் முதலாளி மாமாவின் முதுகில் ஓங்கித் தட்டினாராம். எண் நன்றாக வந்திருக்கிறது, சர்ச்சுக்குக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சேதி ஒன்று. யாரோ பெண்கள் தினமும் நடுப்பகலில் மாட்டு விலையை முழு அரை மணியும் கேட்கிறார்கள், இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை! அந்த உற்சாகத்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாராந்திர மாட்டுச் சந்தைத் தொகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். தமிழுக்கு ஒன்பதரையிலிருந்து பத்து. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்தாராம். அதற்கப்புறம் பேர்லேண்ட் தமிழர்கள் எல்லோரும், பாட்டைத் தவறவிடக் கூடாதென்று முன்கூட்டியே ரேடியோவைப் போட்டுவிட்டு, மாட்டு விலையில் தேறிவிட்டார்கள். கோயில் பிரகாரத்தில் ஒரு டாக்டர் அங்கிள், இந்த வாரம் கன்றுக்குட்டி ஏறிவிட்டது என்று இன்னொரு டாக்டர் அங்கிளிடம் சொன்னதை நானே கேட்டேன். மாமா அந்த அரை மணிக்கும் டை கட்டிக்கொண்டுதான் போனார்.

மாமா இழந்த அரை மணி நேரத்துக்கு நான் அம்மாவைத்தான் பொறுப்பாக்கினேன். மாட்டை மறந்துவிட்டு ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொண்டேன். "யூ லவ் தி ட்ராஃபிக் கை மோர் தன் மாமா" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா சிரித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரே ஒரு மணி. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

"ராங் நம்பர்" என்றாள் அம்மா, ரேடியோவைத் திருப்பிக்கொண்டே.

அந்த டைரி தபாலில் போனதற்கு மறுநாளிலிருந்து தினமும் அப்படித்தான் அடித்தது. சாயங்காலம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு மணி, அப்புறம் அமைதி. சனி ஞாயிறு மட்டும் கிடையாது. ஹூஸ்டனில் யாரோ ஒரு மறதிக்காரர், வார நாள் தவறாமல், வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் எங்கள் நம்பரைத் தப்பாகப் போட்டுவிடுகிறார் என்று நான் ஹைஸ்கூல் முடிக்கிறவரை நம்பிக்கொண்டிருந்தேன்.